மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு

கரண்ட் வந்தபோது கீழே மிட்டாய்க் கடையில் யாரோ கைதட்டினார்கள். மாடியில், அழகுக்கலை வகுப்பு நடக்கும் கூடத்தில், பெண்கள் எல்லோரும் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கூவினார்கள். பர்ணா மட்டும் சுவரோரம் நின்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சந்தன்நகர் முழுக்கப் புயல்மழை அடித்து, கங்கைக் கரையில் மரங்கள் சாய்ந்து, ஊர் இருட்டானதிலிருந்து அவளுக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நிம்மதி இருந்தது. கரண்ட் இல்லாமல் மின்சாரச் செய்முறைத் தேர்வை யார் நடத்த முடியும்? இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பார்கள், அதற்குள் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"பாத்தியா, உங்கண்ணன் வேலைய முடிச்சுட்டாரு" என்றாள் ஜூதிகா, சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே. "நீ பரீட்சை எழுதணும்னே கம்பத்துல ஏறியிருக்காரு மனுஷன்."

ஜூதிகா அவளுடைய அண்ணன் மனைவி. பர்ணா அவளை பௌதி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேன். புயல் அடித்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள், அவன் மட்டும் வெளியே ஓடுவான்.

பௌதி இன்று இங்கே வந்திருக்க வேண்டியவளே இல்லை. தேர்வுக்கு மாடலாகப் படுக்க ஒப்புக்கொண்டிருந்தவள் பர்ணாவின் தோழி. அவள் ஏறிய ரயில் மரம் விழுந்து ஒரு ஸ்டேஷன் முன்னால் மான்குண்டுவிலேயே நின்றுவிட்டது. மாடல் இல்லாமல் போனால் தேர்வுக்கு வராத கணக்கு. பர்ணா வீட்டுக்கு போன் செய்து அழாத குறையாகச் சொன்னபோது பௌதி அரிவாள்மணையில் கட்லா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும் அவசரத்தில் வலது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, அதில் ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தாள். வந்ததும் முதலில் கேட்டது, "என் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்தக் கேள்வியைத்தான் பர்ணா இன்னும் மனசுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, மசாஜ் எல்லாவற்றிலும் அவள் தேறியாகிவிட்டது. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றுவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். மிச்சம் இருந்தது மின்சாரமும் ஒளியும். போன தடவை அதில்தான் கோட்டை விட்டாள். கை நடுங்கியதில், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமலே, முகத்தில் ஓட்டும் உலோக உருளையை மாடலின் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டாள். படுத்திருந்த பெண் 'ஐயோ' என்று துள்ளி எழுந்துவிட்டாள். அதோடு முடிந்தது. இந்தத் தடவையும் தவறினால் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று வகுப்பை நடத்தும் கேதகி அக்கா சொல்லிவிட்டாள். இதில் விதி ஒன்றே ஒன்றுதான் கறாரானது. எல்லாம் முடிந்தபிறகு தேர்வாளர் மாடலின் தோலைப் பார்ப்பார். மின்சாரம் பட்ட இடத்தில் காயம் இருந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

"பர்ணா கரஞ்சாய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தேர்வாளர் லாஹிரி மேடம் கல்கத்தாவிலிருந்து வந்திருந்தார். காற்றில் மடங்கிப்போன குடையை நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் போக ரயில் ஓடுகிறதா என்று போனில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். "ஆரம்பிம்மா, நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்று கையைக் காட்டினார்.

பர்ணா பௌதியைக் கட்டிலில் படுக்க வைத்தாள். நெற்றிப் பொட்டுக்கும் வகிட்டுக் குங்குமத்துக்கும் மேல் துணிப்பட்டை கட்டினாள். பிறகு கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டாள்.

"இதயத்துல கருவி ஏதாவது வெச்சிருக்கா?"

"என் இதயத்துல உங்கண்ணனைத் தவிர வேற யாரும் இல்ல."

"பௌதி, ஒழுங்கா பதில் சொல்லுங்க. வலிப்பு வந்ததுண்டா? உடம்புக்குள்ள தகடு, ஸ்குரூ ஏதாவது? முழுகாம இருக்கீங்களா?"

"இல்ல, இல்ல, இல்ல. முழுகாம இருந்தா முதல்ல உங்கம்மா ஊரைக் கூட்டியிருப்பாங்க."

லாஹிரி மேடம் போனை மூடிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பர்ணாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நகை எல்லாம் கழட்டிட்டீங்களா?"

"எல்லாம் கழட்டியாச்சு. தோடு, செயின், மூக்குத்தி, மோதிரம். இதோ, முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்."

இரண்டு கைகளிலும் சங்கு வளையும் பவள வளையும் இருந்தன. அவை இருக்கலாம். முதல் வகுப்பிலேயே கேதகி அக்கா சொன்னதுதான்: சங்கும் பவளமும் உலோகம் இல்லை, மின்சாரம் அவற்றில் ஓடாது, கல்யாணமான பெண்களிடம் அவற்றைக் கழற்றச் சொல்லிச் சண்டை வாங்காதீர்கள். பர்ணா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது.

மின்சாரத்தை அவள் அண்ணனிடமிருந்துதான் புரிந்துகொண்டாள். "ஓடுறதுக்கு ஒரு வட்டம் வேணும்டீ" என்று அவன் சொல்வான். "போற வழியும் வேணும், திரும்பி வர்ற வழியும் வேணும். எங்க குறுகலா வழி கிடைக்குதோ அங்க முட்டி மோதும், அங்கதான் சுடும்." இந்த மெஷினிலும் அதுதான். ஒரு கம்பி உருளைக்குப் போகிறது, அது முகத்தில் ஓடும். இன்னொரு கம்பி ஈர ஸ்பாஞ்சு சுற்றிய தண்டுக்குப் போகிறது, அதை மாடல் கையில் பிடித்துக்கொள்வாள். முகத்துக்கும் கைக்கும் நடுவில் உடம்பே வழி. கம்பத்தில் ஓடுவதோடு ஒப்பிட்டால் இது எறும்பு ஊர்வது மாதிரி. ஆனாலும் எறும்பு கடிக்கும்.

வலது கையில் மீன் வெட்டிய காயம். கிழிந்த தோலில் மின்சாரம் போகக்கூடாது. ஆகவே தண்டை பௌதியின் இடது கையில் கொடுத்தாள். ஸ்பாஞ்சு நன்றாக நனைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். முகத்தில் ஜெல் தடவினாள். முதலில் எதிர்முனை, அது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். பிறகுதான் நேர்முனை, அது தோலை அடக்கி மூடும். உருளையைக் கன்னத்தில் வைத்தபிறகு திருகைத் தொட்டாள். மெதுவாக, மிக மெதுவாக.

"என்ன தெரியுது பௌதி?"

"வாயில காசு வெச்சு சப்புற மாதிரி இருக்கு."

அது பல்லில் அடைத்த உலோகத்தால் வருவது, சகஜம்தான். பர்ணா உருளையைத் தாடையிலிருந்து மேல்நோக்கி ஓட்டினாள். கை நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்று தெரிந்ததும் நடுங்கிவிடுமோ என்று பயந்தாள். இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"பர்ணா, குத்துது."

"எங்க, கன்னத்துலயா?"

"மூஞ்சியில இல்லடீ. கையில. யாரோ ஊசியால கோடு போடுற மாதிரி."

பர்ணாவுக்கு எதையோ மாற்றிச் செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அவளுக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். திருகைப் பின்னால் திருப்பி, உருளையை எடுத்து, சுவிட்சையும் அணைத்தாள்.

லாஹிரி மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஒரு நிமிஷம் மேடம். பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள். முனை மாற்றும் சுவிட்ச் எதிர்முனையில்தான் இருந்தது. கம்பி எங்கும் பிய்ந்திருக்கவில்லை. ஸ்பாஞ்சு ஈரமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே ஈரம். தண்ணீர் பௌதியின் விரல் இடுக்கு வழியாக மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. பர்ணா அந்த ஈரத்தைத் துடைக்கப் போனாள். சங்கு வளையை மேலே தள்ளினாள், பவள வளையையும் தள்ளினாள். அவற்றுக்குக் கீழே, ஈரத்தில் மினுக்கிக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று இருந்தது.

லோஹா. கல்யாணத்தன்று மாமியார் போட்டுவிடும் இரும்பு வளை, மேலே மெல்லிய பொன் தகடு. புருஷன் இருக்கும்வரை இடது கையை விட்டு இறங்காது. இறங்காது என்பதாலேயே யார் கண்ணிலும் படாது. பௌதி அதை நகை என்று நினைத்ததில்லை, ஆகவே கழற்றியாச்சு என்று அவள் சொன்னது பொய்யில்லை. சங்கும் பவளமும் என்று வாய் சொல்லும்போது இரும்பும் கூடவே சேர்ந்துகொள்ளும், யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். பர்ணாவும் எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரு தடவை கூட அதற்குள் இரும்பு இருப்பதை யோசித்ததில்லை.

தோலில் வளை பட்டிருந்த இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது.

"என்ன பேய் முழி முழிக்கிற?" என்றாள் பௌதி, தலையைத் தூக்கப் பார்த்து.

"பௌதி... லோஹா. இது இரும்பு. ஸ்பாஞ்சுத் தண்ணி இது மேல பட்டு, கரண்ட் இது வழியா போயிருக்கு."

பௌதி கையை வெடுக்கென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதைக் கழட்டுன்னு மட்டும் சொல்லாத. உங்கண்ணன் மழையில இன்னும் எந்தக் கம்பத்து மேல இருக்காரோ. ஊரு இருட்டா கிடந்தாலும் பரவாயில்ல, நீ பரீட்சையில கோட்டை விட்டாலும் பரவாயில்ல. நான் கழட்ட மாட்டேன்."

"நான் கழட்டச் சொல்லலையே."

"சொல்லுவ. உன் மூஞ்சி சொல்லுது."

பர்ணாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உண்மையில் அவளுக்கே அதைக் கழற்ற மனசில்லை. மின்சாரத்துக்கும் இரும்பு வளைக்கும் அண்ணன் உயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வகுப்பில் யார் கேட்டாலும் சொல்லியிருப்பாள். இன்றைக்கு, காற்று இன்னும் ஓயாத இந்த மாலையில், சொல்ல வரவில்லை. கழற்ற வேண்டியதும் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. போற வழி, திரும்பி வர்ற வழி. திரும்பி வர்ற வழி கையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பெட்டியைத் திறந்து, தண்டுக்குப் பதிலாக உடம்பில் வைக்கும் தட்டையான பட்டையை எடுத்து நனைத்தாள். தண்டிலிருந்து கம்பியைக் கழற்றிப் பட்டையில் மாட்டினாள். பௌதியின் இடது கையை நன்றாகத் துடைத்து, உலர்ந்த துண்டில் சுற்றித் தள்ளி வைத்தாள். பட்டையை வலது தோளுக்குப் பின்னால், வெறும் தோலில், சேலையும் ஊக்கும் படாமல் வைத்தாள்.

"லோஹா கையிலயே இருக்கட்டும். கரண்ட் அந்தப் பக்கமே போகாது."

"நெஜமா?"

"நெஜமா. எங்க குத்தினாலும் உடனே சொல்லுங்க. பல்லைக் கடிச்சுட்டுப் படுக்காதீங்க."

லாஹிரி மேடம் எழுந்து வந்து பட்டை வைத்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். அது நல்லதா கெட்டதா என்று அந்த முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தத் தடவை குத்தவில்லை. எதிர்முனை முடிந்தது, பூஜ்யத்துக்கு வந்து முனை மாற்றி, நேர்முனையும் முடிந்தது. பௌதியின் முகத்தில் ஒரு சின்னத் திட்டுக் கூட இல்லை. ஆனால் பர்ணாவின் மனசு முழுக்கத் துண்டுக்குள் இருந்த மணிக்கட்டில் இருந்தது. சூடுபட்ட இடம் உடனே தெரியாது, போகப்போகத்தான் சிவந்து எழும்பும். கொப்புளம் வந்தால்? தேர்வு போனது போகட்டும். அண்ணனிடம் என்ன சொல்வாள்?

அடுத்து ஒளிச் சிகிச்சை. தோலைத் தணிக்கச் சிவப்பு ஒளி. நீலம் பருக்களுக்கு, பௌதிக்கு அது தேவையில்லை. கண்ணை மறைக்கும் கறுப்பு மூடியைப் போட்டுவிட்டு, திரையை இழுத்து, டியூப் லைட்டை அணைத்து, முகத்துக்கு மேல் விளக்குப் பேனலை வளைத்து வைத்தாள். அறை முழுக்கச் சிவந்தது. சுவர், கட்டில், லாஹிரி மேடத்தின் வெள்ளைச் சேலை, எல்லாமே துர்கா பூஜைப் பந்தல் மாதிரி.

பர்ணா மெதுவாகத் துண்டை விலக்கிப் பார்த்தாள். கோடு இல்லை. மணிக்கட்டு வழுவழுவென்று சுத்தமாக இருந்தது.

அப்பாடா என்று பெரிய மூச்சு ஒன்று விட்டாள். பாதி மூச்சிலேயே நின்றுவிட்டாள். சிவப்பு ஒளியில் சிவப்பு தெரியாது. வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சிலால் எழுதி இந்தப் பேனலுக்குக் கீழே காட்டினால் எழுத்து மறைந்துவிடும். வகுப்பில் எல்லோரும் செய்து பார்த்துச் சிரித்தது அது. கோடு போய்விட்டதா, இல்லை மறைந்துதான் இருக்கிறதா? ஒளி அணையும்வரை தெரியாது. அவள் மறுபடி துண்டைப் போர்த்தினாள். பிறகு மறுபடி விலக்கினாள். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் பார்த்தாள்.

"பர்ணா" என்று பௌதி கிசுகிசுத்தாள். "அந்தக் கையப் பத்தித்தான் கவலைப்படுறியா?"

"பேசாதீங்க பௌதி."

"சங்கு வளைய அது மேல தள்ளி விட்டுக்கறேன். யாருக்குத் தெரியும்?"

பர்ணா ஒரு கணம் யோசித்தாள். யோசித்தாள் என்பதை அவள் மறுக்க மாட்டாள். பிறகு, "எனக்குத் தெரியணுமே" என்றாள். "மூடி வெச்சுட்டா ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வராது."

"உனக்கு எப்பவும்தான் வராது."

கொஞ்ச நேரத்தில் பௌதியிடமிருந்து குறட்டை கேட்டது. மீன் நறுக்கி, தண்ணீரில் நடந்து, ஊசி குத்து வாங்கிய களைப்பு. தேர்வு அறையில் மாடல் குறட்டை விடலாமா என்று எந்த விதியிலும் இல்லை. லாஹிரி மேடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

மெஷின் கீச்சென்று கூவி அணைந்தது. பர்ணா டியூப் லைட்டைப் போட்டாள். அது ஒருமுறை கண்ணடித்து, இன்னொருமுறை கண்ணடித்து, பிறகுதான் எரிந்தது. அதற்குள் அவள் தானாகவே சொல்லிவிட்டாள்.

"மேடம், மாடலோட இடது கையில லோஹா இருந்ததை நான் கவனிக்கல. ஸ்பாஞ்சு தண்ணி பட்டு அங்க கோடு விழுந்துச்சு. நீங்களே பாருங்க."

லாஹிரி மேடம் எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பௌதியின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வளையைத் தள்ளினார். பௌதி கண்மூடியைத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். பர்ணா பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"எங்கம்மா கோடு?"

பர்ணா குனிந்து பார்த்தாள். சிவப்பு இல்லை. வளை வழக்கமாக உட்காரும் இடத்தில் வெளுத்த தடம் ஒன்று மட்டும் இருந்தது. லாஹிரி மேடம் அதன்மேல் விரலை அழுத்தி எடுத்தார். எரியவில்லை என்று பௌதி தலையாட்டினாள். வீக்கமும் இல்லை.

"இந்தத் தடமா? இது கரண்ட் போட்டது இல்ல, கல்யாணம் போட்டது" என்று தன் இடது கையை நீட்டினார் மேடம். அவருடைய லோஹாவுக்குக் கீழேயும் அதே வெளுத்த தடம். "குத்தின உடனே நீ அணைச்சதால லேசா சிவந்து போயிருக்கு, அவ்வளவுதான். காயம் இல்ல."

பர்ணா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடியே கேட்டிருக்கணும். அதுக்கு மார்க் குறைப்பேன்" என்றார் லாஹிரி மேடம். "இனிமே சங்கு, பவளம், லோஹான்னு மூணையும் தனித்தனியா கேளு. உங்க கேதகிகிட்டயும் சொல்றேன். நானும் இத்தனை வருஷமா சேத்தேதான் சொல்லிட்டு இருக்கேன், அதையும் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. பயந்துபோய்க் கைய எடுத்தியே, அப்ப திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தியா இல்லையா?"

பர்ணா யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை.

"கொண்டுவந்த. நான் பாத்தேன். முதல்ல பூஜ்யம், அப்புறம்தான் உருளை. போன தடவை உன்னை எதுக்கு நிறுத்தினாங்கன்னு எனக்குத் தெரியும்." மேடம் குடையை எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிரவில்லை. "தேறிட்டே, போ. அந்தம்மாவுக்கு முகம் துடைச்சு விடு."

பௌதி எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாகச் சுவர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். "அட, நல்லாத்தான் இருக்கு. உங்கண்ணன் கண்டுபிடிக்கிறாரான்னு பாப்போம். கண்டுபிடிக்க மாட்டாரு. ஒயர் அறுந்திருந்தா கண்டுபிடிப்பாரு."

கதவுக்கு வெளியே கேதகி அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பர்ணாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது வாழ்த்து.

படியிறங்கும்போதே பௌதியின் போன் அடித்தது. அண்ணன்தான். "இறங்கிட்டேன். சாப்பாடு இருக்கா?" என்ற குரல் பர்ணா வரைக்கும் கேட்டது.

"மீன் பாதி நறுக்கினபடி கிடக்கு. மீதிய நீங்களே வந்து நறுக்குங்க. உங்க தங்கச்சி பாஸாயிட்டா. நான் அழகாயிட்டேன்." பௌதி போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி லோஹாவை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

கீழே மிட்டாய்க் கடையில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஈரத் தெருவில் அந்த வெளிச்சம் வழிந்து கிடந்தது. பௌதி உள்ளே சாறு நிறைந்த சந்தேஷ் மிட்டாய் இரண்டு வாங்கி, ஒன்றைக் கடித்துச் சாற்றைத் தாடையில் வழியவிட்டுக்கொண்டு, "இந்த மூஞ்சிக்குத்தான் இவ்வளவு நேரம் கரண்ட் விட்டியா" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள்.

பர்ணா தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே கடையின் வெள்ளை விளக்குக்குக் கீழே பௌதியின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். வளையைத் தள்ளினாள்.

"இன்னும் பாக்குறியா?"

"கடைசியா ஒரே ஒரு தடவை."

"இல்லைன்னு அந்த மேடமே சொல்லிட்டாங்களே."

"ஆமா, இல்ல" என்றாள் பர்ணா. வளையை இருந்த இடத்துக்கே இறக்கிவிட்டு, சந்தேஷை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.